பொருள்: இணைப்பைத் திறக்க அனுமதி கோருதல்

சுங்கை கெலாடி ரப்பர் தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கணேசமூர்த்தி தம் வாழ்நாளில் யாரையும் கேட்காமல் செய்த காரியம் என்று தும்மலைத்தான் சொல்ல வேண்டும். தோட்ட மேனேஜரான துரையின் அறைக்குள் நிற்கும்போது அதையும் அடக்கிக்கொள்வார்.

பால் வெட்டுக்காரரின் மகனாகப் பிறந்து, மூன்றாம் படிவம் வரை படித்து, வெள்ளைக்காரத் துரை காலத்தில் பதினேழு வயதில் ஆபீசுக்குள் நுழைந்தவர் அவர். முதல் வாரத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: எதையும் கேட்டுச் செய், கேட்டதை எழுதிக் கேள். அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு லீவு கேட்டு எழுதினார். லீவு, கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வந்தது. முப்பது நிமிடம் வெளியே போய்வர வாய்மொழியாகக் கிடைத்த உத்தரவில்தான் தாலி கட்டினார். மணவறையில் அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பெண் வீட்டார் வேறு மாதிரி புரிந்துகொண்டு கவலைப்பட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில், தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் நின்ற பலாமரத்தின் கிளை முறிந்து அடுப்படிக் கூரைமேல் விழுந்தது. மரம் தோட்டத்துச் சொத்து. கிளையும் அப்படியே. அதை அகற்ற அனுமதி கோரி எழுதினார். துரை லீவில் இருந்தார். பதினொரு நாள் அவர் மனைவி ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகச் சமைத்தார். பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது, கூடவே ஒரு கேள்வியும்: கிளையில் இருந்த காய்கள் எத்தனை? காய்களை அந்த அம்மாள் எப்போதோ குழம்பு வைத்து முடித்திருந்தார். அதற்கு விளக்கம் எழுதக் கிராணிக்கு மூன்று பக்கம் தேவைப்பட்டது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பிறந்தபோது தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கோலாலம்பூர் தலைமை அலுவலகம் இனிக் காகிதத்தில் கடிதம் அனுப்பாதாம், எல்லாம் மின்னஞ்சலில்தானாம். அப்போது இருந்த துரை அந்தப் பெட்டியைத் தம் அறையில் வைத்துக்கொண்டு, அதில் சீட்டாடக் கற்றுக்கொண்டு, நடு ஆண்டில் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த சந்திரன் துரைக்குப் பெட்டியைவிட கோல்ப் மட்டையில்தான் பிரியம். பெட்டி கிராணியின் மேசைக்கு வந்தது. கிராணிக்கென்று ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் தந்தார்கள். கடவுச்சொல்லை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்துப் பார்க்கும்போதுகூட உதட்டை மூடிக்கொள்வார்.

அடுத்த ஜனவரியில் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அதோடு வேலையும் குவாட்டர்சும் போய்விடும். அம்பாங்கானில் மகள் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. ஆனால் அந்த வீட்டில் டி.வி. போடுவதாக இருந்தால் யாருக்கு விண்ணப்பிப்பது, மருமகனுக்கா மகளுக்கா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே இரண்டு வருடம் சேவை நீட்டிப்புக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். நாலு மாதம் பதிலில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர் கீச்சிட்டு முடித்ததும் பதில் வந்து நின்றது. இரண்டே வரி. விண்ணப்பத்தின் மீதான முடிவு இணைப்பில் உள்ளது. இணைப்பிலுள்ள கேள்விக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் மின்னஞ்சலில் பதில் வராவிட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கீழே சின்னதாக ஒரு பேப்பர் கிளிப் படம்.

'இணைப்பு காண்க' என்று ஆயிரம் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். இணைப்பை இடது மூலையில் குண்டூசி வெளியே தெரியாமல் குத்துவதில் போர்ட்டிக்சன் வட்டாரத்திலேயே அவருக்கு நிகரில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அந்தக் கிளிப் படத்தை இரண்டு தட்டு தட்டினார்.

பெட்டி டிங் என்றது. ஒரு சாம்பல் நிறக் கட்டம் எழுந்தது. இந்தக் கோப்பைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பெட்டியை ஒரு அடி அடித்திருப்பார்கள். கணேசமூர்த்திக்கோ மரியாதைதான் வந்தது. முப்பத்தேழு வருடத்தில் இவ்வளவு சீக்கிரமாக அவருக்குப் பதில் சொன்ன மேலிடம் வேறில்லை. வாசகத்தை ஓர் எழுத்து விடாமல் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அட்மினிஸ்திரேட்டர் எனும் நிர்வாகி என்றால் தலைமை அலுவலகத்து நிர்வாகப் பிரிவு. அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. 'பொருள்: இணைப்பைத் திறக்க அனுமதி கோருதல்' என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் அடித்து, தோட்டத்து முத்திரைச் சாப்பு குத்தி, பேக்சில் அனுப்பிவைத்தார்.

"என்னா கிராணியாரே, மொகமே சரியில்ல?" என்றாள் பஞ்சாலை. ஆபீசைக் கூட்டித் துடைத்து, எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பவள் அவள்.

"ஒரு சூராட், ஹெட் ஆபீஸ் கடுதாசி வந்திருக்கு. தொறக்க பெர்மிசன் இல்லையாம்."

"யாருக்கு வந்த சூராட்?"

"எனக்குத்தான்."

"ஒங்களுக்கு வந்தத ஒங்களையே தொறக்கக் கூடாதுங்குதா?" பஞ்சாலை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எனக்கு வந்திருந்தா தபால்காரன் மோட்டார் சைக்கிள் வாசக் கேட்டத் தாண்டறதுக்குள்ள கிழிச்சிருப்பேன்லா."

"அதனாலதான் நீ கூட்டிக்கிட்டு இருக்க," என்றார் கிராணி.

"நீங்க மட்டும் என்னாவாம், பெருக்கிக் கூட்டி எழுதிக்கிட்டு இருக்கீங்க."

புதன்கிழமை பிற்பகல் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் பேக்ஸ் கிடைத்தது, கேட்ட அனுமதி வழங்கப்படுகிறது, முறையான அனுமதிக் கடிதம் இணைப்பில் உள்ளது. கணேசமூர்த்தி எழுந்து நின்று இரண்டு தட்டு தட்டினார்.

டிங்.

அனுமதிக் கடிதத்தைத் திறக்க அனுமதி இல்லை. அப்படியென்றால் இந்தப் பெட்டி தலைமை அலுவலகத்தைவிட மேலான பதவியில் இருக்கிறது என்று அவருக்குப் புலப்பட்டது. அன்றிலிருந்து அதன்முன் செருப்பில்லாமல் உட்கார்ந்தார். கோலாலம்பூருக்குப் போன் போட்டு முடிவையும் கேள்வியையும் வாயால் சொல்லக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். அங்கிருந்த பெண், "இணைப்பப் பாருங்க சார்," என்று போனை வைத்துவிட்டாள்.

கேட்க வேண்டிய சந்திரன் துரையோ போர்ட்டிக்சனில் மேனேஜர்கள் கூட்டத்தில் இருந்தார். சனிக்கிழமைதான் வருவார்.

வியாழக்கிழமை, கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்த விசுவநாதனைப் போனில் பிடித்தார். ராசா என்ற ஊரில் தாத்தா வட்டிக்கடைக் கிட்டங்கி வைத்திருந்த அதே கடைவீட்டில் கம்ப்யூட்டர் கடை நடத்துகிற செட்டியார் வீட்டுப் பிள்ளை.

"பெர்மிசன் எரர் சார். சின்ன விசயம்," என்றார் விசுவநாதன்.

"சின்ன விசயமா? நான் அட்மினிஸ்திரேட்டருக்கே எழுதிட்டேன்."

"எந்த அட்மினிஸ்திரேட்டர்?"

"கே.எல். ஹெட் ஆபீஸ்ல இருக்கற அட்மினிஸ்திரேசன். சாப்பு குத்தி பேக்ஸ் அனுப்பினேன்."

மறுமுனையில் யாரோ போனைக் கையால் பொத்தினார்கள். சற்று நேரம் கழித்துத் தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது.

"சார், அது ஆள் இல்ல சார். கம்ப்யூட்டருக்குள்ள நொழையற ஒரு பேரு. நீங்க ஒங்க பேர்ல நொழையறீங்க. அட்மினிஸ்திரேட்டர்ங்கற பேர்ல நொழைஞ்சா எல்லாக் கதவும் தொறக்கும். யாருக்கு எது தொறக்கலாம்னு அந்தப் பேருதான் முடிவு பண்ணும்."

"அந்தப் பேர்ல யார் நொழையலாம்?"

"பாஸ்வேர்ட் தெரிஞ்ச யாரும்லா. அத ஒரு கவர்ல போட்டு முந்தின மேனேஜர்கிட்ட குடுத்தேனே."

கவர் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. சாவி கிராணியின் இடுப்பில்தான். ஆனால் கவரின்மேல், 'துரையின் எழுத்துமூலமான அனுமதியின்றித் திறக்கக் கூடாது' என்று அழகான உருண்டைக் கையெழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. எழுதியவர் கணேசமூர்த்திதான்.

"அது முடியாது, தம்பி."

"அப்பச் சரி, இன்னொரு வழி இருக்கு. இணைப்ப நீங்க தொறக்கச் சொன்னா, மெசின் மொதல்ல அதுல ஒரு நகல எடுத்து ஒரு ரூம்ல வைக்கும். அங்க வச்சித்தான் தொறக்கும். பழைய மேனேஜர் அந்த ரூம தன் பேருக்கு மட்டும் பூட்டிட்டுப் போயிருக்காரு. அதான் ஒங்கள விடல. சூராட்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்க அத தொறக்காதீங்க, சேவ் பண்ணுங்க. பிளாப்பித் தட்டுல போட்டு வைங்க. பிளாப்பிக்குப் பூட்டு கெடையாது. அப்புறம் அங்கேருந்து தொறங்க."

"அது பின்வாசல் வழி இல்லையா?"

"சார்?"

"முன்வாசல்ல போகக் கூடாதுன்னு சொன்ன எடத்துல பின்வாசலா போறதுக்கு, முப்பத்தேழு வருசம் சர்வீஸ் போட்டவன் நான் இல்ல."

"அப்ப ஒங்க இஷ்டம் சார்," என்றார் விசுவநாதன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கணேசமூர்த்தி மேசையின்முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு புதிய பிளாப்பி, உறை பிரிக்காமல். அம்பாங்கான் அறையும் மருமகனின் டி.வி.யும் கண்முன் வந்து வந்து போயின. வியர்வை கண்ணாடியில் இறங்கியது.

பஞ்சாலை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் எழுதிவைத்திருந்த வாசகம் தொலைபேசிக்குக் கீழே கிடந்தது.

"இதுல என்னாதான் போட்டிருக்கு? தமிழ்ல சொல்லுங்க."

"தொறக்க அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு."

"எடுத்து வைக்க?"

"என்னா?"

"தொறக்கத்தானே கூடாதுங்குது. எடுத்து அந்தச் சதுரத் தட்டுல வைக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? நேத்து போன்ல நீங்க கத்துனது லயத்து வீடுங்களுக்கே கேட்டுச்சு, பாஸ்."

கிராணி காகிதத்தை எடுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். எடுத்து வைப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனை சுற்றறிக்கைகளை வரி வரியாகப் பிளந்து பார்த்தவர்! இந்த ஓட்டையைப் பார்க்காமல் விட்டோமே என்று தொழில்முறையில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"விதிப்படி தடை இல்லை," என்று எழுத்துத் தமிழில் அறிவித்துவிட்டு உறையைப் பிரித்தார்.

பிளாப்பி உள்ளே போய்க் கரகரவென்று அரைத்தது. சேமித்தாகிவிட்டது. அங்கிருந்து இரண்டு தட்டு. டிங் என்று எதுவும் கேட்கவில்லை. சத்தமில்லாமல் கடிதம் விரிந்தது.

இரண்டு வருட நீட்டிப்பு, குவாட்டர்சோடு. ஒரே ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். சுங்கை கெலாடி தோட்டத்து ஆபீசில் அட்மினிஸ்திரேட்டர் பொறுப்பை ஏற்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

நாலு நாளாகத் தாம் அனுமதி கேட்டு நின்றது யாரிடம் என்று கணேசமூர்த்திக்கு மெல்ல விளங்கியது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகு நிமிர்ந்தது. 'சம்மதம்' என்று அடித்து அனுப்பினார். பெட்டி கீச்சிட்டு முடித்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

"கெடச்சிருச்சா?" என்றாள் பஞ்சாலை.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற கலக்கு," என்றார்.

சனிக்கிழமை துரை வந்ததும், கவரைத் திறக்க எழுத்துமூலமான அனுமதி வாங்கிக்கொண்டார். அட்மினிஸ்திரேட்டர் என்ற பெயரில் உள்ளே நுழைந்தார். விசுவநாதன் போனில் வழி சொல்ல, பூட்டிக் கிடந்த அந்த இடத்தைத் தேடிப்பிடித்தார். அங்கே ஒரு பட்டியல் இருந்தது. அதில் பழைய துரையின் பெயர் மட்டும் உட்கார்ந்திருந்தது. அதை நீக்கினார்.

"இப்ப 'எல்லாரும்'னு ஒரு பேரு தெரியுதா சார்? அதத் தட்டி விட்டுருங்க. அப்புறம் ஆபீஸ்ல யாருக்கும் இந்தப் பிரச்சினை வராது."

'எல்லாரும்' தெரிந்தது. கணேசமூர்த்தி அதை வெகுநேரம் பார்த்தார். கல்யாணத்து முப்பது நிமிடமும் பலாமரத்துப் பதினொரு நாளும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்ததனால்தானோ என்னவோ, பட்டியலில் கீழே இறங்கித் தம் பெயரை மட்டும் சேர்த்தார்.

"ஆச்சா சார்?"

"முறைப்படி ஆச்சு," என்று போனை வைத்தார். பிளாப்பியை எடுத்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை காலை சந்திரன் துரை தமக்கு வந்த கடிதத்தைப் பார்க்க வேண்டுமென்று வந்தார். அவருக்குத் தனியாக ஒரு பெயர் இருந்தது. அதில் நுழைந்து கிளிப் படத்தைத் தட்டினார். டிங்.

"கிராணி, என்ன இது? என் லெட்டர் தொறக்கலையே."

"தெரியும் சார்." கணேசமூர்த்தி இருக்கையிலிருந்து எழுந்தார். பாதி மட்டும் எழுந்தார். "அட்மினிஸ்திரேட்டரத் தொடர்புகொள்ளச் சொல்லியிருக்கும்."

"அது யாரு?"

"நான்தான் சார். ஒரு சூராட் எழுதிக் குடுத்தீங்கன்னா பாத்துச் செய்யலாம். மூணு காப்பி."

துரை சிரித்தார். கிராணி சிரிக்கவில்லை. துரையின் சிரிப்பு கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு அடங்கியது. வாளியோடு வாசலில் நின்ற பஞ்சாலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். துரை பேனாவைத் தேடினார்.

கடிதம் வந்ததும் கணேசமூர்த்தி தேதியைச் சரிபார்த்து, 'பெறப்பட்டது' என்று சாப்பு குத்தி, கோரிக்கைகள் தட்டில் போட்டார். முறைப்படி, புதிதாக வந்தது அடியில் இருக்க வேண்டும். தட்டில் வேறு காகிதம் எதுவும் இல்லை. ஆகவே இரண்டு பழைய சுற்றறிக்கைகளைத் தேடியெடுத்து அதன்மேல் வைத்தார்.