கடைசி பெஞ்சின் கன்னடம்

1. ரூல் தடியும் சிலேட்டும்

லைப்ரரி வேலையில் சேர்ந்த அன்று என் கையில் யாரும் புத்தகம் எதையும் கொடுக்கவில்லை. ஒரு ரூல் தடி, ஒரு சிலேட்டு, அரைத் துண்டு பலப்பம் ஆகியவற்றைத்தான் கொடுத்தார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர்ப் பக்கம் அப்போது தொழிற்சாலைகள் வந்திருக்கவில்லை. நான் நான்காம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவன். பெங்களூரில் ஹோட்டலில் இலை எடுத்தேன். கோலாரில் மண் சுமந்தேன். பிறகு லாரி கிளீனராக ஊர் சுற்றினேன். ஓசூருக்குப் பக்கத்தில் அந்த லாரி அச்சு முறிந்து நின்றது. முதலாளி வருவார் என்று வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன். அவர் வரவில்லை. சாப்பாட்டுக்கு வழி தேடும்போது, ஹைஸ்கூலில் லைப்ரரி அட்டெண்டர் வேலை காலியாக இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள்.

ஹெட்மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தெரியும் உனக்கு?"

"தமிழ் எழுதப் படிக்க வருங்க. கன்னடம், தெலுங்கு நல்லாப் பேசுவேனுங்க."

"அதெல்லாம் வேண்டாம். பேசாம உட்காரத் தெரியுமா?"

தெரியும் என்றேன். சட்டதிட்டங்களைச் சொன்னார். ஈரக்காலோடு யாரும் உள்ளே வரக்கூடாது. களி, சோறு எதுவும் கொண்டுவரக் கூடாது. வாயைத் திறந்தால் சிலேட்டில் பெயர் ஏறும். ஒரே பெயர் மூன்று தடவை ஏறினால் லைப்ரரி கார்டைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த டெர்ம் முழுக்க அவன் உள்ளே வரக்கூடாது.

"கண்டிஷனா இருக்கணும். இரக்கம் பார்த்தா சந்தைக்கடை ஆயிடும்" என்றார்.

2. சத்தம் நின்ற பிறகு

முதல் மாதம் தினமும் சிலேட்டு நிறைந்து போகும். இரண்டாவது மாதத்தில் பாதிதான் நிறைந்தது. அதன்பிறகு லைப்ரரியில் ஓட்டின் மேல் அணில் ஓடுவது கேட்கும் அளவுக்கு அமைதி வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போவார். எனக்கு ஒரு காக்கிச் சட்டை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

அந்த அமைதிக்கு அடங்காதது கடைசி பெஞ்சு ஒன்றுதான். அங்கே முனிராஜும் பசப்பாவும் உட்காருவார்கள். இருவரும் ஆறாம் பாரம், தளிப் பக்கத்துப் பிள்ளைகள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். முனிராஜ் சின்ன வயதில் கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில் இருந்து படித்ததால் அவனுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பசப்பா கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

இரண்டு பேரிடமும் சரித்திரப் புத்தகம் கிடையாது. லைப்ரரியில் இருந்தது ஒரே பிரதி. அது ரெஃபரன்ஸ் பிரதி, வெளியே கொடுக்கக் கூடாது. வேண்டுமென்றால் உள்ளேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். செலக்‌ஷன் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாதவர்களை எஸ்.எஸ்.எல்.சி. எழுத அனுப்ப மாட்டார்கள். தேறாவிட்டால் மறுநாளே ஏர் பிடிக்க வேண்டியதுதான் என்று முனிராஜின் அப்பா முன்பே சொல்லிவிட்டார். அது எல்லோருக்கும் தெரியும்.

என் மேஜை முன்பக்கம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் முனிராஜின் உதடு அசைவது தெரியும், என்ன பேசுகிறான் என்பது காதில் விழாது. இரண்டு தடவை பெயர் எழுதினேன். மூன்றாவது தடவை பலப்பத்தை எடுத்ததும் அவன் எழுந்து வந்தான்.

"அண்ணா, பேசலைங்கண்ணா. படிச்சிட்டிருந்தோம்."

"எல்லாரும் அப்படித்தான்டா சொல்றாங்க."

"நெஜமாத்தாங்கண்ணா. பசப்பாவுக்குத் தமிழ் ஓட மாட்டேங்குது. நான் ஒரு வரி படிச்சு கன்னடத்துல சொல்லுவேன். அவன் கேள்வி கேட்பான்."

"கேள்வி கேக்கறது பேச்சு இல்லையா?"

அவன் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். பசப்பா தூரத்தில் இருந்து, "என் பேரை எழுதிக்கோங்கண்ணா, கேட்டவன் நான்தானே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். முனிராஜின் பெயரைத்தான் எழுதினேன், அவன் கார்டை வாங்கிக்கொண்டு போய் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன்.

"லைப்ரரியில உட்கார்ந்து கன்னடத்துல பாடம் படிச்சானாம். ஊர்வம்புக்கு நல்ல பேர் வச்சிருக்கான்" என்றார் அவர். "அப்பனை வரச் சொல்லு."

3. ஹெட்மாஸ்டர் அறையில்

முனிராஜின் அப்பா கெலமங்கலம் சந்தையில் பூசணிக்காய் போட்டுவிட்டு நேராக வந்தார். தோளில் காலிச் சாக்கு கிடந்தது. அவருக்கு ஒரு சொல் தமிழ் வராது. அதனால் இடையில் நின்று சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். முனிராஜ் கதவோரமாக நின்றான்.

"உங்க பையன் லைப்ரரியில ஓயாம பேசறான். கார்டைப் பிடுங்கியாச்சு. இனி டெர்ம் முடியறவரைக்கும் உள்ளே விட மாட்டோம்" என்றார் ஹெட்மாஸ்டர். நான் கன்னடத்தில் சொன்னேன்.

முனிராஜின் அப்பா மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, வீட்டுல பேசறது போதலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார், "சாமி, இவன் மாடு கறக்கற நேரத்துலகூட என்னை விட மாட்டான். துங்கபத்திரைக் கரையில ஒரு பட்டணமாம், யானைங்களுக்குத் தனி லாயமாம், வாய்க்கால் வெட்டினாங்களாம். எனக்கு எதுக்குடா யானைக் கதை, மாடு காலைத் தூக்குது பாருன்னு சொல்வேன்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். ஹெட்மாஸ்டருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் என் வழியாகப் போய் என் வழியாகவே திரும்பி வருவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ கொஞ்சம் சும்மா இரு. நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

பிறகு அவரே நேராகத் தமிழில், நிதானமாக, கையை ஆட்டிச் சொன்னார். "லைப்ரரி வந்து… அமைதியா… படிக்கிற இடம். புரியுதா?"

முனிராஜின் அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. ஹெட்மாஸ்டர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். அவர் சாக்கைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் அந்த அறையில் யாரும் பேசவில்லை. லைப்ரரியில் நான் மாதக்கணக்காகக் கட்டிக் காத்த அதே அமைதி.

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கதவோரம் நின்ற முனிராஜை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அந்த யானை லாயம்னு சொன்னாரே, அது எந்தப் பாடம்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. இவன்தான் சொல்லணும்."

"சரித்திரத்துல ஆறாவது பாடம் சார்" என்றான் முனிராஜ்.

"பசப்பாவைக் கூப்பிடு."

4. புது சட்டம்

நாங்கள் எல்லோரும் லைப்ரரிக்குப் போனோம். ஹெட்மாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் முனிராஜின் அப்பாவும் சாக்கோடு உட்கார்ந்தார். பையன்கள் எதிரே நின்றார்கள்.

"தினம் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்படி நினைப்பது யாருக்கும் சுலபமில்லை. முனிராஜ் முதல் வரியைப் படித்தான். கன்னடத்தில் சொன்னான். இரண்டாவது பாராவில் பசப்பா ஹெட்மாஸ்டரை மறந்துவிட்டான். அத்தனை தண்ணீரையும் பாறைக்கு மேல் எப்படிக் கொண்டுபோனார்கள் என்று கேட்டான். முனிராஜுக்குத் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டி, இரண்டு பக்கம் தள்ளிக் கண்டுபிடித்துப் படித்தான். முனிராஜின் அப்பா நடுவில் புகுந்து, மதகு இல்லாமல் அது ஆகாது என்றார்.

கடைசியில் ஹெட்மாஸ்டர் பசப்பாவிடம் மூன்று கேள்விகளைத் தமிழில் கேட்டார். அவன் திக்கித் திக்கித்தான் சொன்னான். ஆனால் மூன்றும் சரியாக இருந்தன. ஹெட்மாஸ்டர் ஜிப்பா பையிலிருந்து கார்டை எடுத்து முனிராஜிடம் கொடுத்தார். "ஏர் பிடிக்கறது பரீட்சைக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன்.

மறுநாள் சட்டம் மாறியது. முன் பெஞ்சுகளில் பேச்சு கிடையாது. கடைசி பெஞ்சில் ஒருவன் வாசித்துச் சொல்லலாம், ஒருவன் கேள்வி கேட்கலாம். மூன்றாவதாக ஒருவன் வாயைத் திறந்தால் வெளியே போக வேண்டும். அங்கே புத்தகம் திறந்திருக்க வேண்டும், பேச்சு அந்தப் பக்கத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

இதையும் பையன்கள் விட்டுவைக்கவில்லை. ஒரு வாரத்தில் பூகோளப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பெங்களூரில் பார்த்த சினிமாவைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தான் ஒருவன். நான் பின்னால் போய் நின்று, தெலுங்கிலேயே, "இந்தச் சண்டை எந்தக் கண்டத்துலப்பா நடக்குது?" என்று கேட்டேன். சிலேட்டுக்கு மறுபடி வேலை வந்தது. ஆனால் இப்போது என் நாற்காலி கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

செலக்‌ஷனில் முனிராஜ் தேறினான். பசப்பா சரித்திரத்தில் நல்ல மார்க் வாங்கி, கணக்கில் கோட்டை விட்டான். கணக்கைக் கன்னடத்தில் சொன்னாலும் அவனுக்கு விளங்காது என்று முனிராஜ் சொன்னான். பசப்பா அடுத்த வருஷம் எழுதித் தேறினான்.

நான் அந்த வேலையில் ரொம்ப நாள் இருக்கவில்லை. கால் ஒரு இடத்தில் நிற்காது எனக்கு. பிறகு பஸ் டிப்போ, சினிமாக் கொட்டகை, மில் கேண்டீன் என்று போய்விட்டேன். எல்லா இடத்திலும் யாராவது ஒரு மேலாளர் வந்து, இங்கே பேச்சு சத்தம் அதிகம், நிறுத்து என்று சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லுவேன். ஆனால் பேசாதே என்று போர்டு எழுதி மாட்டுவதற்கு முன்னால், சத்தம் வரும் இடத்தில் போய் ஒரு பொழுது உட்கார்ந்து கேட்டுவிடுவேன். புதிதாக லைப்ரரி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான். மேஜையை முன்பக்கம் போடாதீர்கள். அங்கிருந்து உதடு அசைவது மட்டும்தான் தெரியும்.