வயிற்றில் வைத்த கை

ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறிய அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்ததும் முக்கால்வாசி சீட் அவருக்கே போய்விட்டது. அதற்குக் கூச்சப்படாத முகம். மடியில் சூடான வடைப் பொட்டலம். அதைப் பிரிப்பார், உள்ளங்கையை வயிற்றில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், திரும்ப மடித்துவிடுவார்.

"விரதமாக்கா?" என்றேன், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

சிரித்தார். "இல்ல புள்ள. நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல, வேலைக்குப் போறவங்க புள்ளைகளப் பாத்துக்கிற ஆயம்மா. கைக்குழந்த அழுதா, பசிக்கு அழுவுதா, தூக்கச் சொல்லி அழுவுதான்னு பாத்துத்தான் பால் குடுப்பேன். என் வயித்த மட்டும் ஒருநாளும் கேட்டதில்ல. கொழும்புல இருக்க மகன் ஃபோன்ல பேசலன்னா ஒரு முழுப் பாணையும் தின்னு முடிச்சிருவேன். இப்பத்தான் கேட்டுப் பழகுறேன். சில நாள் தோத்துருவேன். ஆனாலும் சட்டையெல்லாம் லூசாயிருச்சு."

"தூக்கச் சொல்ற அழுகையா இருந்தா?"

"வடையா வந்து தூக்கும்? நானே மகனுக்குப் பேசிருவேன்."

நோர்வூட் தாண்டியதும் மறுபடி வயிற்றில் கை வைத்தார். "இது நெசமாவே பசிதான்" என்று ஒரு வடையை எடுத்தார். அவசரமில்லாமல், யாருக்கும் ஒளிக்காமல், ருசித்துத் தின்றார். அவ்வளவு நிம்மதியாக ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவர் இறங்கிப் போன பிறகு என் மடியைப் பார்த்தேன். தங்கச்சியோடு சண்டை போட்ட கோபத்தில் வாங்கிய பிஸ்கட். பக்கட் எப்போது பாதியானது என்றே தெரியவில்லை.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிறகு தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன்.