மூங்கில் கழியில் நைனா போட்ட கீறல்கள்

பி.எஸ்ஸி. முதலாண்டில் கணக்கு வகுப்பு என்றாலே எனக்குப் பயம். நுண்கணிதம் எடுத்த பேராசிரியர் யாரைப் பார்த்தாலும் என்னைத்தான் எழுப்பப் போகிறார் என்று தோன்றும். ஒருநாள் எழுப்பியே விட்டார். கரும்பலகையில் மேலேறும் வளைகோடு ஒன்றைப் போட்டு, ஏறும் வேகம் குறைந்தால் கோடு இறங்குகிறது என்று அர்த்தமா என்று கேட்டார். ஆமாம் என்று உளறினேன். வகுப்பே சிரித்தது. நாசமாய்ப் போங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டு ஏரி நிரம்பி உபரிநீர் கலங்கலில் வழிய, எங்கள் மண்சுவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. அக்கம்பக்கத்தார் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நைனா அசையவில்லை. மணிக்கொரு தடவை வாய்க்கால் படியில் மூங்கில் கழியை ஊன்றி எடுத்து, நனைந்த இடம் முடியும் மட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். உச்சிவேளையில் கழியை அம்மாவிடம் நீட்டினார்.

"கொறஞ்சிகினு வருது பாரு. வூட்ட வுட்டு எதுக்கு ஓடணும்?"

கீறல்களின் இடைவெளி மேலே போகப் போகச் சுருங்கியிருந்தது. கரும்பலகையில் பார்த்த அதே வளைகோடு! ஏறுகிற வேகம்தான் குறைகிறது நைனா, தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, சுவரின் அடி ஊறிவிட்டது என்று கத்தினேன். காலேஜுக்குப் போய் இதைத்தான் கற்றுக்கொண்டாயா என்று அவர் சிரித்தார்.

அம்மா என்னைப் பார்த்து, "எப்ப நிக்கும்?" என்றாள்.

புத்தகக் கணக்கில் சமன்பாட்டை அவர்களே கொடுத்துவிடுவார்கள். இங்கே யார் கொடுப்பார்கள்? தெரியலம்மா என்று அழுதுவிட்டேன்.

"படிச்ச பொண்ணே தெரியலன்னுது. நான் இருக்க மாட்டேன்," என்று அம்மா அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நைனா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலிருந்து எங்கள் கூரை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்ட பிறகு, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. நான் ஓடினேன். முழங்கால் தண்ணீரில், அவர் செத்துப் போயிருப்பார் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் எனக்குள் இல்லை.

தலையெல்லாம் சேறும் ரத்தமுமாக எதிரே வந்தார். சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"கடசி வரிக்கும் கொறஞ்சிகினுதாம்மா இருந்துச்சி," என்றார்.

"ஆமா நைனா," என்றேன்.