மீன் தராசில் நிறுத்த வில்

நேற்று வாவிக்கரையில் ஒரு கிலோ மணலை மீன் வாங்கி, வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கிலோ இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மீன்கடையில் இப்போது கடைக்காரரின் மகன் இருக்கிறான். சிவப்பு இலக்கம் காட்டும் மின்தராசு வைத்திருக்கிறான். அவனுடைய அப்பா, எங்களுக்கு ஒருவகையில் மாமா, கொக்கித் தராசு வைத்திருந்தார். அது ஒரு கிலோ என்று காட்டினால், முக்கால் கிலோவும் கொஞ்சமும் என்று எடுத்துக்கொண்டு ஊரில் கறிக்குப் புளி கரைப்பார்கள். சொந்தக்காரர், கேட்கவா முடியும்?

அந்தத் தராசை இரவல் வாங்கித்தான் நானும் றபீக்கும் அக்காவின் வில்லை நிறுத்தோம்.

அக்கா அப்போது அம்பெய்யப் பழகிக்கொண்டிருந்தாள். மாவட்டத் தெரிவுப் போட்டிக்கு நாலு கிழமை இருக்கும்போது, இரவல் வில்லை உரியவர்கள் திருப்பி வாங்கிவிட்டார்கள். நான் கந்தோர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன், எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லாத வயது. "நாங்க செய்து தாறம்" என்றேன். கூட்டாளி றபீக் காத்தான்குடியில் அலுமாரி செய்கிறவன். அலுமாரி வளையக்கூடாது, வில் வளைய வேண்டும். அவ்வளவுதானே வித்தியாசம் என்று நினைத்தோம்.

விண்ணாங்கு மரத்தில் செதுக்கினோம். நுனிகளை முன்பக்கமாக வளைக்க ஆவி வேண்டும். றபீக்கின் வீட்டுப் புட்டுப்பானை அகப்பட்டது. "புட்டெல்லாம் மரம் மணக்குதுடா" என்றார் அவனுடைய உம்மா, மூன்று நாளும்.

பிறகுதான் உண்மையான வேலை. வில்லைச் சுவரில் இறுக்கி, நாணில் தராசைக் கொழுவிக் கீழே இழுப்போம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்து, விறைத்து நிற்கும் இடத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டுவோம். கூடச் சுரண்டினால் போச்சு, சுரண்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது. முப்பது இறாத்தல் இழுவை இல்லாவிட்டால் அம்பு போய்ச் சேராது என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். அது பதின்மூன்றரைக் கிலோ என்று கணக்குப் போட்டவன் நான். கணக்கில் பிழையில்லை.

தராசு பதினாறு காட்டியது. சுரண்டினோம். பதினைந்து. சுரண்டினோம். தெரிவுக்கு முதல்நாள் பதின்மூன்றரையில் முள் நின்றது. இருவரும் கைகொடுத்துக்கொண்டோம். மீன் வாங்கும்போது வருகிற புத்தி வில் செய்யும்போது வரவில்லை.

"இழுக்கச் சுகமாக் கிடக்கு" என்றாள் அக்கா. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் அவளுடைய அம்புகள் இலக்குக்கு முன்னால் புல்லில் விழுந்தன. கடைசி இரண்டு இலக்கின் காலடிவரை போயின. அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "முழுசா இழுக்கல்ல போல. எண்ட கைக்குப் பலமில்ல தம்பி."

அடுத்த கிழமை, தராசைத் திருப்பிக் கொடுக்குமுன் றபீக் சும்மா ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைக் கொழுவினான். ஒன்றேகால் காட்டியது. அப்படியானால் பதின்மூன்றரை என்று காட்டிய வில் பதினொன்றைக்கூடத் தொடவில்லை.

"அக்காக்கிட்டச் சொல்லுவமா மச்சான்?" என்றான் றபீக்.

"மறுகா சொல்லுவம்."

அதற்குள் அக்கா அம்புகளை யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு கலியாணம், கனடா. றபீக் கட்டாருக்குப் போனான். என்னுடைய 'மறுகா' பன்னிரண்டு வருடம் நீண்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அக்காவுக்கு அழைத்தேன். அங்கே காலை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தேத்தண்ணிக் கேத்திலை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப எவ்வளவு இருந்திருக்கும்?"

"இருபத்திநாலு இறாத்தல்."

"அப்ப எண்ட கை சரியாத்தான் இருந்திருக்கு."

கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

மாமா இல்லை. தராசு பழைய இரும்புக்குப் போய்விட்டது. அம்பெய்த வளவில் இப்போது புடைவைக் கடைகள். தராசும் வளவும் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

"இன்னொண்டு செய்வமா அக்கா? இப்ப நல்ல தராசு இருக்கு" என்றேன்.

"இப்ப பால் கானைத் தூக்கினாலே தோள் நோகுது தம்பி" என்றாள்.