கிதியோனும் ஒரு மெரூன் ஸ்வெட்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அற்புதத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

சிரிக்காதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே என் மனைவியின் தங்கை ஜெசி இருக்கிறாள். பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளையெல்லாம் பார்த்துக்கொள்வது அவள்தான். அந்த லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்று மீசை முறுக்கித் திரிகிற பையன்களில் பாதிப்பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். அவள் கணவன் ஜீவராஜ் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்க்கிறான். எனக்குச் சகலை. பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம்.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. "அக்கா, நீயும் மச்சானும் இன்னைக்கே வாங்க." ஏன் என்று கேட்டால் அழுகை. வேறு பதில் இல்லை. மனைவி கிளம்பிவிட்டாள். மனைவி கிளம்பிய பிறகு எனக்குத் தனியாக ஒரு தீர்மானம் தேவையா என்ன? இரத்தினபுரியில் பஸ் ஏறி, மாறி, கடைசியில் த்ரீவீலரில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. மழை. அங்கே எப்போதும் மழை.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன் வாசலிலேயே.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மச்சான். நாளைக்கு சர்ச்ல என்னய ஆராதனை நடத்தச் சொல்லிட்டாங்க."

இதற்கா இவ்வளவு ஓட்டம் என்று நினைத்தேன். உட்கார்ந்து கேட்ட பிறகுதான் விஷயத்தின் கனம் புரிந்தது.

அந்தத் தோட்டத்தில் ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு மணி, சில பெஞ்சுகள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். பாஸ்டர் ஐயாவுக்குப் பல தோட்டங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் இங்கே வருவார். மற்ற ஞாயிறுகளில் பூட்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். கதவுதான் விக்கெட்!

முந்தின ஞாயிறு பாஸ்டர் கிதியோனைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறார். முடித்த கையோடு எல்லாருக்கும் முன்னால் ஜெசியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். "வர்ற ஞாயிறு நீ நடத்தும்மா. நடத்துனீன்னா இனி வாராவாரம் கதவு தொறக்கும். முடியாதுன்னா சொல்லு, சாவிய நான் கொண்டு போறேன்."

ஆக, அவள் சரி என்றால் சர்ச் திறக்கும். இல்லையென்றால் பூட்டுத்தான்.

"உனக்கு என்ன பயம்?" என்றேன்.

"நாலு பேரு முன்னாடி நின்னா வாய் ஒட்டிக்கிது மச்சான். அதுவும் எல்லாம் தெரிஞ்ச சனம். நேத்து வரைக்கும் புள்ளைக்குக் கழுவிவிட்ட ஆயா இன்னைக்குப் பிரசங்கம் பண்ண வந்துட்டாளாம்னு சிரிக்க மாட்டாங்களா?"

சிரிப்பார்கள்தான். நம் சனத்தை எனக்குத் தெரியாதா?

"அதான் ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருக்கேன். கிதியோன் கேட்டாருல்ல, அதே மாதிரி."

பைபிள் புரட்டாத நண்பர்களுக்காக இரண்டு வார்த்தை. கிதியோன் ஒரு பெரிய போர்வீரன். ஆனால் கதை தொடங்கும்போது அப்படி இல்லை. எதிரிகளுக்குப் பயந்து, திராட்சை மிதிக்கிற ஆலையில் ஒளிந்துகொண்டு கோதுமை போரடிக்கிறான். அந்த நேரம் பார்த்து தேவதூதன் வந்து, "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுகிறான். ஒளிந்திருக்கிறவனைப் பார்த்து! கிண்டலோ என்று நமக்கே சந்தேகம் வரும். போய் உன் சனத்தை மீட்டுக்கொண்டு வா என்று கட்டளையும் வருகிறது. கிதியோனுக்குத் தயக்கம். ரோமத்தோடு ஓர் ஆட்டுத்தோலை இரவில் களத்தில் போடுகிறான். தோல் மட்டும் பனியில் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறான். நடக்கிறது. மறுநாள் இரவு தோல் காய்ந்திருக்க வேண்டும், தரை நனைய வேண்டும் என்கிறான். அதுவும் நடக்கிறது.

ஜெசி அதைத்தான் செய்திருக்கிறாள். ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த ஒரே கம்பளி உருப்படி ஜீவராஜின் மெரூன் ஸ்வெட்டர். நுவரெலியாவில் இருக்கிற அவன் அக்கா மகன் வாங்கிக் கொடுத்தது. அவன் அதை வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டான். வெள்ளிக்கிழமை இரவு, ஃபெக்டரிச் சூட்டுக்காக அதை வீட்டில் விட்டுவிட்டு அவன் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதை வாசலில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள்.

விடிந்து பார்த்தால் ஸ்வெட்டர் நனைந்திருந்தது. தரையும் நனைந்திருந்தது. வாழையும் நனைந்திருந்தது. வாசலில் படுத்திருந்த நாயும் நனைந்திருந்தது!

ஐயோ ஜெசி... அது இஸ்ரவேல் நாட்டுப் பரீட்சை. அங்கே பனி பெய்யும். தெரணியகலையில் பெய்வது ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஆள், இடம், ஆட்டுத்தோல் பார்த்துப் பெய்யாது.

"அதான் இன்னைக்கு மாத்திக் கேட்டிருக்கேன்," என்றாள். "ஸ்வெட்டர் காஞ்சிருக்கணும், தரை நனஞ்சிருக்கணும். அப்படி இருந்தா நடத்துறேன். இல்லாட்டி சாவியக் குடுத்துர்றேன்."

வெளியே பார்த்தேன். கூரையிலிருந்து தண்ணீர் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. மாட்டேன் என்று சொல்வதற்கு இதைவிடப் பக்தியான வழி உண்டா? நாமெல்லாம் செய்கிறதுதானே! பிடிக்காத கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் "ஆண்டவருக்குச் சித்தமானா வர்றேன்" என்கிறோம். சித்தம் யாருடையது என்று கேட்ட ஆளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

படுக்கப் போகும் நேரம் மழை கொஞ்சம் விட்டது. ஜெசி ஸ்வெட்டரை வாசலில் போட்டாள். எல்லாரும் தூங்கிவிட்டோம். பிறகு மழை அடித்து ஊற்றியது எனக்குத் தூக்கத்திலும் கேட்டது.

ஞாயிறு காலை ஜெசி போட்ட கூச்சலில் லயமே எழுந்துவிட்டது.

"அக்கா! மச்சான்! ஓடியாங்க!"

ஓடினோம். மழை விட்டிருந்தது. வாசல் முழுக்கச் சேறும் தண்ணீரும். நடுவில் கல்லின்மேல் மெரூன் ஸ்வெட்டர். ஜெசி அதை எடுத்து என் கையில் வைத்தாள்.

காய்ந்திருந்தது. அதோடு — சூடாகவும் இருந்தது!

கிதியோனுக்குக்கூடச் சூடான தோல் கிடைக்கவில்லை. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து ஆளுக்கொரு தரம் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கும் மேலெல்லாம் புல்லரித்தது, மறைப்பானேன்? ஆனால் பாழாய்ப்போன மூக்கு ஒன்று இருக்கிறதே... அதற்கு லேசாக விறகுப் புகை நாறியது.

பீலியடியில், மலைத்தண்ணீர் வந்து விழும் குழாயடியில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஜீவராஜ் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"சகல, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அது என் ஸ்வெட்டருங்க சகல. ஒரு ராத்திரி நனஞ்சதே பெருசு. மறுபடியும் இருட்டிக்கிட்டு வந்துச்சு, மனசு கேக்கல. எடுத்துட்டு வந்து அடுப்புக்கு மேல கம்பியில போட்டுட்டேன். விடிய அவ எந்திரிக்கிற சத்தம் கேட்டுச்சா... கெட்டேன்டான்னு ஓடிப் போயி இருந்த எடத்துலயே வச்சிட்டேன். இவ இப்படி ஊரக் கூட்டுவான்னு நான் கண்டேனா?"

வாயில் இருந்த பற்பசையை விழுங்கிவிட்டேன்.

"இப்ப என்ன சகல செய்யிறது? சொல்லவா, வேணாமா?"

சொன்னால் அவள் பின்வாங்கிவிடுவாள். சர்ச் பூட்டிவிடும். சொல்லாவிட்டால் ஒரு பொய்யின்மேல் ஏறி நின்று அவள் ஜெபம் பண்ணுவாள். எது சரி? வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவன் நான். என்ன செய்தேன் தெரியுமா? "உன் வீட்டு விஷயம்... நீயே யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவினேன். அவனும் யோசித்தான். யோசித்துக்கொண்டே சர்ச்சுக்கு வந்துவிட்டான்.

மணி அடித்தது. சூடான அற்புதத்தின் செய்தி அதற்குள் மேல் கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு வரைக்கும் போயிருந்ததால் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. கிரிக்கெட் பையன்களும் உள்ளே. ஜீவராஜ் கடைசி பெஞ்சில், அந்த ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தான்.

ஜெசி வெள்ளைச் சேலையில் முன்னால் வந்தாள். பைபிளைத் திறந்தாள். வாயையும் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவள் சொன்னது போலவே ஒட்டிக்கொண்டது! பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விட்டுவிட்டு வெளியே போய்விடுவாளோ?

முதல் பெஞ்சில் குசுமா உட்கார்ந்திருந்தாள். ஜெசியோடு பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறவள். லயத்தில் கல்யாணம் கட்டி வந்த சிங்களப் பெண். அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து சொன்னாள்:

"பயவென்ன எப்பா, நங்கி."

பயப்படாதே தங்கச்சி என்று அர்த்தம். பாலுக்கு அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற அதே குரல். ஆண்டவர் கிதியோனிடம் சொன்னதும் இந்த வார்த்தையைத்தானே? அவனுக்கு எபிரேயத்தில் வந்தது. ஜெசிக்குச் சிங்களத்தில் வந்தது.

ஜெசி மூச்சை இழுத்துவிட்டாள்.

"எல்லாரும் ஸ்வெட்டர் கதையக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கீங்க," என்று ஆரம்பித்தாள். "அதுல ஒரு அற்புதமும் இல்ல. காலையில சந்தோஷத்துல கத்திட்டேன். அப்பறம் மடிச்சு வைக்கிறப்ப மோந்து பாத்தேன். என் அடுப்புப் பொகை எனக்குத் தெரியாதா? காய வச்ச ஆளு அந்தா, கடைசி பெஞ்சில உக்காந்திருக்காரு."

கூரை அதிரச் சிரிப்பு. ஜீவராஜ் ஸ்வெட்டருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்பவே சாவியக் குடுத்துட்டுப் படுத்திரலாம்னுதான் நெனச்சேன். மறுபடியும் அந்த அதிகாரத்தப் படிச்சேன். கிதியோன் தோலப் போட்டது பொறகுதாங்க. போன்னு ஆண்டவர் அதுக்கு முந்தியே சொல்லிட்டாரு. என்னயும் போன ஞாயித்துக்கெழமையே கேட்டாச்சு. நான்தான் வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. காலு ஆடுது. ஆனா வந்துட்டேன். பாட்டுப் பாடுவோமா?"

பாடினார்கள். என்ன பாட்டு, எந்த ராகம் என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு சுருதி. ஆனால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பெரிய பெரிய ஆலயங்களில்கூடப் பார்த்ததில்லை. என் மனைவி அழுதாள். நானும்தான். சிரித்த ஆளும் சேர்ந்து பாடினார். சாவி இனி ஜெசி வீட்டில்தான் இருக்கும்.

கிதியோனுக்குப் பராக்கிரமசாலி என்று பெயர் வைத்தது அவன் ஜெயித்த பிறகு அல்ல, ஒளிந்திருந்தபோது. ஆண்டவர் நம்மையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் போலும். நமக்குத்தான் அது வேறு யாரையோ கூப்பிடுவதாகப் படுகிறது.

இதையெல்லாம் நான் நிம்மதியாக யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெசியின் குரல் கேட்டது. இப்போது ஒரு நடுக்கமும் இல்லை.

"முடிவு ஜெபத்த எங்க மச்சான் பண்ணுவாரு. பேப்பர்ல எழுதுறவரு. அவருக்கெல்லாம் பயமே கெடையாது."

எழுதுவதென்றால் அடித்துத் திருத்தலாம். ஜெபத்தை எப்படித் திருத்துவது? எழுந்து போனேன். என்ன சொன்னேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. முழங்கால் இரண்டும் தந்தியடித்தது மட்டும் ஞாபகம்.

நல்லவேளை — ஜெபம் என்றால் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்!