கம்பத்தை விட்ட கை

போன ஞாயிற்றுக்கிழமை லிந்துலைப் பக்கம் போயிருந்தேன். பெண் பிள்ளைகளின் ரவுண்டர்ஸ் போட்டி: பந்தை மட்டையால் அடித்துவிட்டு நான்கு கம்பங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும்; இடையில் நிற்பவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அம்பயராக அழைத்திருந்தார்கள். எனக்கு ஏன் அந்தக் கௌரவம் என்கிறீர்களா? விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தானாம்!

ஒரு பக்கம் டவுன் பள்ளிக்கூடம். மறு பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். ஜெயிக்கிற அணி ரயிலேறிக் கண்டிக்குப் போய் ஆடும். தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்திகூடக் கண்டியைப் பார்த்ததில்லை. அவர்களின் தலைவி அஞ்சலைக்கு அடுத்த மாதம் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிகிறார்கள். பிறகு கொழுந்துக் கூடைதான், விளையாட்டு ஏது?

மட்டை பிடிப்பவர் காலில் சப்பாத்துப் போட்டிருக்க வேண்டும் என்பது போட்டி விதி. தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரே ஜோடி கேன்வஸ் சப்பாத்து. ஆகவே அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒருத்தி அடித்துவிட்டு ஓடிப்போய்க் கம்பத்தைப் பிடிப்பாள். ஒரு கை கம்பத்தில் இருக்க, மறு கையால் சப்பாத்தைக் கழற்றி அடுத்தவளிடம் வீசுவாள். சின்னக் கால்காரி நுனியில் துணி அடைத்துக்கொள்வாள். பார்க்க வேடிக்கையாக இருந்தது. நானும் சிரித்தேன்...

கடைசிக் கட்டம். அஞ்சலை இரண்டாம் கம்பத்தில். அடுத்து மட்டை பிடிக்கக் காமாட்சி வெறுங்காலோடு நிற்கிறாள். இருவரும் சுற்றி வந்துவிட்டால் வெற்றி. ஒருத்தி அவுட் என்றாலும் தோல்வி.

அதற்குள் தூறல் பிடித்துவிட்டது. சப்பாத்துக் கயிறு நனைந்து முடிச்சு இறுகிப் போயிற்று. அஞ்சலை ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"சுருக்கா கழட்டுடி! சப்பாத்துக்கும் ஒனக்கும் கல்யாணமா?" என்று காமாட்சி கத்தினாள்.

அஞ்சலை சிரித்துக்கொண்டே குனிந்து, இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்த்தாள்.

பந்து வீசுபவள் கையில் பந்து இருக்கும்போது கம்பத்தை விட்டுக் கை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவுட். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பந்து அப்போது அவள் கையில்தான் இருந்தது.

"அவுட்!" என்றேன்.

யாரும் அவுட் கேட்டு முறையிடவில்லை. நானாகவே சொன்னேன்.

தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஓடி வந்தார். "அவ ஓடலைங்க சார். சப்பாத்துத்தானே கழட்டுனா?"

"விதி என்றால் விதிதான், மாஸ்டர்."

டவுன் அணித் தலைவி சந்திராவும் வந்தாள். "சார், நாங்க ஒண்ணும் அவுட் கேக்கலையே... அவ கழட்டட்டும் சார்."

எதிரணியே விட்டுக்கொடுக்கிறது! நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

வேலியோரம் நின்ற ஓர் அம்மாள் சத்தமாகச் சொன்னார்: "இந்த ஐயாவ கொழுந்து நிறுக்க விடுங்க. மழத்தண்ணிக்குன்னு பாதி றாத்தல் எடைய வெட்டிருவாரு!"

கூட்டம் சிரித்தது. என் காது சுட்டது.

ஆட்டத்தைச் சற்று நிறுத்தி வைக்கும் அதிகாரமும் அம்பயருக்கு உண்டு. ஒரு விசில் ஊதி, 'அவிழ்த்துக்கொள் அம்மா' என்றிருந்தால் போதும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அதுவும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறது!

பிறகு ஏன் செய்யவில்லை? கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் முதலில் கண்டுபிடிப்பவன் நான். அப்போது ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அந்தக் கை கம்பத்தை விட்டபோதும் அதே சந்தோஷம்தான் வந்தது. நியாயம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் ஒரு சிறு பிழை என்று நம் தோட்டத்து மக்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரிகளை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அவர்களிடம் ஒரு மேசை இருந்தது. எனக்கு ஒரு விசில் கிடைத்தது... அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அஞ்சலை என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்குங்க சார். கைய எடுத்துட்டேன்" என்றாள்.

"பரவாயில்லை" என்று சொன்னேன் — பெரிய மனது பண்ணி மன்னித்தவனைப் போல!

கண்டிப் போட்டிக்கும் என்னையே அம்பயராகக் கேட்டிருக்கிறார்கள். ரொம்ப நேர்மையானவராம். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.