எடின்பரோவில் அக்கா தேடியது

"இஞ்ச, இதைக் கேள்" என்று அக்கா தன் கைபேசியை என் காதில் வைத்தபோது, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் நாங்கள் வேலை செய்யும் விடுதிச் சமையலறையில் இருவரும் சலாட் இலை கழுவிக்கொண்டிருந்தோம். எடின்பரோவில் சட்டம் படிக்கும் அவருடைய மகன் அனுப்பிய குரல்செய்தி அது. சாப்பிட்டாயிற்று, சுகமாக இருக்கிறேன், பரீட்சை வருகிறது என்ற வழக்கமான பேச்சுத்தான்.

"அவன் கதைக்கிறதை விடு. பின்னால கேக்குதோ?"

கேட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதுவார்களே, அந்தக் குழலின் சத்தம்.

"எப்ப எடுத்தாலும் இதுதான். லைப்ரரியில நிக்கிறன் எண்டு சொல்லுறான். லைப்ரரிக்குள்ள ஆரடி ஊதுறது?"

அக்கா எனக்கு உறவில்லை. பல வருடங்களாகப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர். கணவர் இறந்தபின் தனியாகவே பிள்ளையை வளர்த்தவர். பால் பெட்டியில் தேதி அச்சிட்டிருந்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுவார். அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மகன்தான், அதுவரை.

இலையுதிர் காலத்தில் விடுதியைச் சில வாரங்கள் மூடினார்கள். எங்கே கூப்பிட்டாலும் வராத அக்கா, "எடின்பரோ பாக்கப் போவம்" என்றார். கோயிலில் பழக்கமான சென்னைத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். மகனுக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மழையில் கறுத்த கல்வீடுகள், அவற்றுக்கிடையே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துகள், கோட்டைக்குக் கீழே பூங்கா முழுவதும் மஞ்சள் இலைகள். "அக்கா, இந்தக் கட்டடம் எவ்வளவு பழசு பாருங்க" என்று தோழி காட்டிக்கொண்டே வந்தாள். அக்கா அண்ணாந்து பார்க்கவே இல்லை. கடைகளுக்குள் இருந்த முகங்களைப் பார்த்தார். குழல் ஊதுகிறவன் எவனைக் கண்டாலும் நின்று, கண்ணை மூடிக் கேட்டு, "இவனில்லை" என்று நடந்தார்.

மறுநாள் மதியம், கோட்டையிலிருந்து இறங்கும் தெருவில் ஒரு பழைய தேவாலயத்தின் அருகே என் கையை இறுக்கிப் பிடித்தார். குரல்செய்தியில் கேட்ட அதே மெட்டு. எதிரே கம்பளிச் சால்வைக் கடை. அதன் வாசலில் ஒரு சுற்றுலாப் பயணியின் கழுத்தில் சால்வையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான் மகன்.

"பார்ட் டைமா இருக்கும்க்கா. நிறைய ஸ்டூடன்ட்ஸ் வேலை பாக்கறாங்க" என்றாள் தோழி. அக்கா தெருவைக் கடந்தார். பயணி போகும்வரை காத்து நின்றார். அதன் பிறகுதான் அவன் பார்த்தான்.

"அம்மா..."

"எப்ப படிப்பை விட்டனி?"

"போன வருசம். சொன்னா நீங்கள் தாங்கமாட்டீங்கள் எண்டு பயந்தன்."

அடித்துவிடுவாரோ என்று நான் நெருங்கிப் போனேன். அக்கா அவன் சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த கம்பளி இழையை எடுத்துப் போட்டார்.

"வேலை எப்ப முடியும்?"

"ஆறு மணிக்கு."

"அப்ப நாங்கள் கோட்டையைப் பாத்திட்டு வாறம்."

கோட்டை மதிலில் காற்று ஆளைத் தள்ளியது. தோழி படம் எடுக்கத் தள்ளிப் போனபோது அக்கா மெல்லச் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் எனக்கெண்டு ஒரு பொய் யோசிச்சு வைக்கிறதுக்கு அவன் என்ன பாடு பட்டிருப்பான்."

இப்போது மகன் அங்கேயே மாலை வகுப்பில் ஹோட்டல் நிர்வாகம் படிக்கிறானாம். "உண்மையாய் இருக்குமோ?" என்று அக்கா என்னிடம் கேட்பார். ஓம் என்பேன். அதோடு விட்டுவிட மாட்டார். மகன் என்னிடம் ஏதும் சொல்லி வைத்திருக்கிறானோ என்று என் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.